சீதனமாக வந்த களிமண்

அகோதாவின் கல்யாண வண்டிகள் பூஷலே கிராமத்துக்குள் வந்தபோது சனங்கள் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாவது வண்டியைத்தான் பார்த்தார்கள். முதல் வண்டியில் பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டாவதில் பெட்டி, அதன் பின்னால் கட்டிய பசு. மூன்றாவதை இரண்டு குதிரைகள் வியர்க்க வியர்க்க இழுத்து வந்தன. சக்கரம் பாதி மணலுக்குள் இருந்தது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது.

அண்டை வீட்டு ஊர்ஷுலே சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"களிமண்ணு," என்றான் வண்டியோட்டி வந்த மொதேயுஸ். அகோதாவின் அண்ணன்.

"களிமண்ணா! ஏன், குடுக்க வேற ஒண்ணும் இல்லையா உங்கப்பன் வீட்ல?"

"உங்க ஊர்ல தோண்டிப் பாரு, தங்கம்கூடக் கெடைக்கும். இது கெடைக்குமா?"

ஊர்ஷுலே சாக்கைக் கீழே விட்டாள். அவன் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்தில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். மணலுக்குக் கீழே உருண்டைக் கூழாங்கல், அதற்குக் கீழே மறுபடி மணல். நேமுனாஸ் ஆற்றுக்கு மேற்கே, அகோதா பிறந்த பக்கத்தில், மண் கறுத்து, கனத்து, வெண்ணெய் போல வெட்டுப்படும். இங்கே மண் கையில் நிற்காது.

வீடு சேர்ந்ததும் மாப்பிள்ளை பல்துருஸ் களிமண் வண்டியைத் தட்டிக் கொடுத்தான். "ஒரு காலத்துல இங்க முழுக்கப் பனி மூடிக் கெடந்துச்சாம். அது உருகி ஓடுன தண்ணி எங்க களிமண்ணையெல்லாம் கழுவி உங்க பக்கம் கொண்டுபோயிடுச்சாம், வாத்தியார் சொன்னாரு. எங்க பொருள்லதான் உங்கப்பன் ஒரு வண்டி திருப்பி அனுப்பியிருக்காரு. இதுல சீதனம் என்ன இருக்கு?"

"அப்ப எறக்கி வையி, மாப்ளே. எங்க குதிரைக்கு இடுப்பு வலிக்குது," என்றான் மொதேயுஸ்.

பல்துருஸும் அகோதாவும் சந்தித்ததே மண்ணால்தான். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் அவன் அகோதாவின் அப்பா நிலத்துக்குக் கூலிக்குப் போயிருந்தான். முதல் நாளே மழை. மணல்காட்டில் வளர்ந்தவனுக்குச் சேற்றில் நடக்கத் தெரியாது. மரச்செருப்பு ஒன்று சேற்றுக்குள் போனது, வெளியே வரவில்லை. அவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு திகைத்தான். அகோதா வந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினார்கள். செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சேற்றுக்காரர்கள் நடப்பது வேறு மாதிரி. ஒவ்வொரு காலையும் மேலே பிடுங்கித் தூக்கி வைப்பார்கள். அகோதா பூஷலேயின் மணல் பாதையிலும் அப்படியே நடந்தாள். ஊர்ஷுலே வேலியோரம் நின்று, "பல்துருஸ் கொக்கைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்," என்றாள். அகோதாவுக்குக் கேட்டது. ஆனால் கால் பழக்கத்தை விடவில்லை.

அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு வீட்டு ஆப்பிள் மரத்திலிருந்து ஓர் ஒட்டுக்கன்று. மொதேயுஸ்தான் ஒட்டுக் கட்டுவான். கத்தியைத் தீட்டி, நாரைச் சுற்றி, மெழுகு வைத்து, ஒரு குறை இல்லாமல் செய்வான். இரண்டு தங்கைகளுக்குக் கட்டியது காய்த்துவிட்டது. மூன்றாமவளுக்குக் கட்டியதுதான் மணல்காட்டுக்குப் போகிறது. மணலில் ஆப்பிள் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னதால்தான் அகோதா களிமண் கேட்டாள். ஒரு குழி நிறையக் களிமண் இருந்தால் போதும், மரம் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே வளர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

மொதேயுஸ் கன்றின் வேரைக் களிமண் குவியலில் புதைத்து, ஈரச்சாக்கு சுற்றிவிட்டுக் கிளம்பினான். "காய்க்கும்போது சொல்லி அனுப்பு. வந்து தின்னு பாத்துட்டுத்தான் நம்புவேன்."

முதல் சில நாட்கள் அகோதாவுக்குக் கனவில் நடப்பது போல இருந்தது. மழை பெய்யும், அவள் பயந்து செருப்பைத் தேடுவாள், வெளியே வந்தால் ஈரமே இருக்காது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். வாளியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் போய்விட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது, யாரோ உதட்டுக்குள்ளேயே பேசுவது போல. பைன் மரங்களுக்கு அடியில் வெள்ளைப் பாசி சாம்பல் போலக் கிடந்தது. மிதித்தால் நொறுங்கியது. பகலில் சுட்ட மணல், வெயில் இறங்கியதும் அந்தச் சூட்டை யாருக்கோ கொடுத்துவிட்டுக் குளிர்ந்து போனது.

ஒரு மத்தியானம் காளான் பொறுக்கப் போனவள் பாசி மேல் படுத்துத் தூங்கிவிட்டாள். கனவில் தலைக்கு மேல் பனி கூரை போல நின்றது. அதற்கு அடியிலிருந்து பால் நிறத்தில் தண்ணீர் வந்தது. கல்லெல்லாம் ஒன்றோடொன்று உரசி உருண்டையாகிக்கொண்டே போனது. பெரிய கல் முதலில் நின்றது, பிறகு சிறியது, பிறகு மணல். பால் மட்டும் நிற்காமல் மேற்கே, அவள் அப்பாவின் நிலத்துக்குப் போனது. அவள் அதைக் கையால் அள்ளப் பார்த்தாள். விழித்தபோது கையில் மணல் இருந்தது.

குழி தோண்டுவதற்கு முன்னால் அடுப்பு வெடித்தது.

வீட்டின் கால்வாசியை அடைத்து நிற்கும் அடுப்பு அது. ரொட்டி அதில்தான். காளான் காய்வது அதன் மேல். குளிர்காலத்தில் படுப்பதும் அதன் மேல்தான். மாமியார் மார்சேலேயின் புருஷன் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து, புகை வீட்டுக்குள் சுற்றியது. மார்சேலே கந்தையைத் திணித்தாள். கந்தை கருகியது. மணலில் சாணம் கலந்து பூசினாள். காய்ந்ததும் உதிர்ந்து விழுந்தது. வாசலில் ஒரு வண்டி களிமண் கிடக்கிறது, ஆனால் மார்சேலே அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தைக் கடக்கும்போது முகத்தை வேலிப்பக்கம் வைத்துக்கொண்டு போனாள்.

பல்துருஸும் அதைக் கேட்கவில்லை. "ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வண்டி வாங்கிட்டு வரலாம்," என்றான்.

"எப்ப? ஓடத்தை நிறுத்தப் போறாங்க. பனி வந்துடும்," என்றாள் அகோதா.

"பாக்கலாம்."

அன்று அகோதா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுத்த அறையில் மார்சேலே இருமினாள். வெளியே கேட்கக்கூடாதென்று தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். ஆனாலும் கேட்டது. அகோதா மாவுக் கையோடு வாசலுக்குப் போய்க் குவியல் முன்னால் நின்றாள். அதில் கன்று நின்றிருந்தது. இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக இருந்தது. குழிக்குப் போட்டால் அடுப்புக்கு மிஞ்சாது. அடுப்புக்குப் போட்டால் குழிக்கு மிஞ்சாது. அவள் கன்றைப் பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, நிலவறையில் வைத்தாள்.

"அம்மா, அடுப்ப இடிச்சிடலாமா?"

மார்சேலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதை வச்சுக் கட்டுவ?"

"வாசல்ல கெடக்குதே."

"அது உன் மரத்துக்கு வந்தது."

"நீங்க இருமிக்கிட்டே இருந்தா மரம் எனக்கு எதுக்கு? நிழல்ல உக்காந்து நான் ஒருத்தியே தின்னணுமா?"

மார்சேலே போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள்.

இரண்டு பெண்களும் பல்துருஸுமாகப் பழைய அடுப்பை இடித்து வெளியே கொட்டினார்கள். உதிர்ந்த செங்கல், கல்லிடுக்கில் பூசி வேகாமல் இருந்த பழைய களிமண், எத்தனையோ குளிர்காலத்துச் சாம்பல், கட்டி கட்டியாகப் புகைக்கரி. ஊர்ஷுலே வந்து பார்த்துவிட்டு, "அடடே, சீதனம் அடுப்புக்குள்ள போயிடுச்சா?" என்றாள். மூவரும் களிமண்ணை மணலோடு மிதித்துக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் களிமண் மணலோடு சேர்ந்து கெட்டியாகப் பிடித்தது. அந்த வீட்டில் இல்லாத ஒன்று களிமண்தான். மணலுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

புது அடுப்பு காய்ந்து, புகை ஒழுங்காக மேலே போன அன்று மழை பெய்தது. மழை விட்டதும் அகோதா வெளியே வந்தாள். முற்றம் அதற்குள் உலர்ந்து வெளுத்துவிட்டது. பழைய அடுப்பின் குப்பை மட்டும் கறுப்பாக, நனைந்து கிடந்தது. அவள் ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்தாள். கையில் நின்றது. பகல் முழுக்க வெயில் அடித்தது. சாயங்காலம் மறுபடி பிடித்துப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

"பல்துருஸ்! கன்னுச் செடிய எடுத்துட்டு வா!"

மார்சேலே ஓடி வந்தாள். "ஏய், அந்தச் சாம்பல் என் முட்டைக்கோசுக்கு! அதைப் போட்டாத்தான் கோசு சுருளும்."

"அடுத்த வருஷம் போடுங்க, அம்மா."

"அடுத்த வருஷச் சாம்பல் பொடிப்பயல். இது ஊறின சரக்கு." கொஞ்ச நேரம் கன்றையே முறைத்தாள். "போடு, போடு. காய்க்கலைன்னா என் கோசுக்கு நீதான் பதில் சொல்லணும்."

நிலம் உறைவதற்கு முன்னால் கன்று அந்தக் கறுப்புக் குப்பையோடு குழிக்குள் போனது.

அடுத்த கோடையில் அது சாகப் பார்த்தது. அகோதா தன் ஊர்ப் பழக்கப்படி வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததும், தொட்டி தொட்டியாக ஊற்றினாள். களிமண்ணுக்கு அது போதும். இங்கே குழி கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுற்றியிருந்த மணல் கீழே கொண்டுபோனது. இலை சுருண்டது. ஒரு நாள் கிணற்றிலிருந்து நடந்துவரும்போது கையிலிருந்த குவளைத் தண்ணீரை எரிச்சலில் அதன் காலடியில் வீசிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே வீசினாள். சுருண்ட இலை மெல்ல விரிந்தது. பிறகு எரிச்சல் இல்லாமலே வீசினாள். கிணற்றுக்குப் போகும் எல்லோரும் வீசத் தொடங்கினார்கள். மார்சேலே வீசும்போது, "குடி, தண்டச்சோறு," என்று திட்டிக்கொண்டே வீசுவாள். ஜூன் மாதத்திலும் வந்துவிடும் உறைபனி மணலில் பளிங்கு போலப் படியும் நாட்களில் தன் பழைய கம்பளியை அதன் மேல் போர்த்தியதும் மார்சேலேதான். கேட்டால், "காயப் போட்டேன்," என்பாள்.

ஒவ்வொரு வசந்தத்திலும், உறைந்து இளகிய நிலம் மரத்தைச் சுற்றிப் புதிதாகக் கல்லை மேலே தள்ளியது. அகோதா பொறுக்கி வேலியோரம் குவித்தாள். குவியல் உயர்ந்தது, மரமும் உயர்ந்தது. அகோதாவுக்கு ஒரு பெண் பிறந்து, மணலிலேயே உட்கார்ந்து, மணலிலேயே நடக்கப் பழகினாள். ஒரு மேமாதம் மரம் பூத்தது. இலையுதிர்காலத்தில் ஏழெட்டுக் காய் நின்றது. அகோதா அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மொதேயுஸ் வந்தான். நல்ல கோட்டு போட்டு வந்திருந்தான். மரத்தைச் சுற்றி வந்து, ஒட்டு வைத்த இடத்தை விரலால் தடவி, தழும்பு சரியாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகுதான் பழத்தைப் பறித்தான். முட்டை அளவுதான். கடித்தான், மென்றான்.

"நம்ம வீட்டுது இதைவிடப் பெருசு."

"பெருசு இருக்கட்டும். எப்படி இருக்கு?"

இன்னொரு கடி கடித்தான். "நம்ம வீட்டுதுல இவ்வளவு இனிப்பு இல்ல," என்றான் கொஞ்சம் வருத்தமாக. "ஒட்டு நல்லா வச்சிருக்கேன்."

"ஒட்டா? எங்க வீட்டுக்காரர் கட்டுன அடுப்பு அது," என்றாள் மார்சேலே. பிறகு சாப்பாட்டு மேசையில் சூடான பக்வீட் தானிய அப்பத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். "அடுத்த தடவை வரும்போது ஒரு வண்டி களிமண் கொண்டா. என் கோசுக்கு."

கிளம்பும்போது அகோதா பைன் தோப்பு வரை கூட நடந்தாள். மகள் இடுப்பில் தூங்கிப்போயிருந்தாள். தோப்பின் முனையில் மொதேயுஸ் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் காலுக்கு என்ன ஆச்சு?"

அவளும் பார்த்தாள். மணலில் அவன் தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆழமாக, குழி குழியாக இருந்தது. அவளுடையது காலைத் தூக்காமல் இழுத்துப்போன நீளக் கோடு. எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகலையே," என்றாள்.

காற்று தோப்பிலிருந்து கிளம்பி வந்தது. குழியும் கோடும் மெல்ல நிரம்பத் தொடங்கின. அண்ணன் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வண்டிக்குப் போனான். அகோதா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். கிணற்றைத் தாண்டும்போது ஒரு குவளை எடுத்து வீச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.