அக்காவுக்கு இருந்தது பயம் அல்ல

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். இனிமையான நினைவுகளை மட்டும் எழுதும்படி அம்மா கேட்டுக்கொண்டார். மூன்று முறை அப்படி எழுதிக் கிழித்துப் போட்டேன். சென்ற ஆண்டு சாவுப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பயந்து பயந்தே போய்ச் சேந்துட்டா" என்று நம் உறவினர்கள் பேசியது என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு இன்னும் நிற்கவில்லை. அதைத் திருத்தாமல் அக்காவைப் பற்றி ஒரு வரியும் என்னால் எழுத முடியாது.

அக்கா பிறந்தது வேப்பம்பட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த கடைசி வருடங்கள் அவை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுமாதமே அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போக முடிந்தது அவர் போகாததால்தான்.

அந்தக் கம்பெனியில் ஒருமுறை, பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று சூப்பர்வைசர் கழிவறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். எல்லோரும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருக்க, அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனார். "சாவியக் குடு சார். இல்லாங்காட்டி உன் ரூம் வாசல்லயே வரிசையா குந்திக்குவோம். அப்பால நாத்தம் அடிக்குதுன்னு சொல்லக் கூடாது." சாவி வந்தது. அவருடன் வேலை செய்தவர்கள் இன்று வந்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். இவரா பயந்தவர்?

அந்த அக்காவுக்குத்தான் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது. மார்கழியிலும் வியர்த்துக் கொட்டியது. வழக்கத்தை விட அதிகமாகச் சாப்பிட்டும் ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போயின. அவர் இதைச் சொன்னபோது நாம் என்ன செய்தோம்? அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, "இன்னாடி இது, எல்லாத்துக்கும் மனசுதான் காரணம். துள்சியும் வல்லாரையும் கொதிக்க வெச்சுக் குடி, பயம் தானா பூடும்" என்றார். சித்தப்பா தினமும் காலையில் பதற்றத்துக்கான மூலிகைக் குறிப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்காவின் கணவர், எங்கள் மாமா, "உங்க அக்காவுக்கு டாக்டர் வேணாம், ரெண்டு நாள் லீவுதான் வேணும்" என்று சிரித்தார். நான் இவர்கள் எல்லோரையும் விட மோசம். நான் படித்தவள்.

மகன் பிறந்த பிறகு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. குழந்தை மூச்சு விடுகிறானா என்று ஓயாமல் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் வாங்கிப் பாலில் கலந்து குடித்தேன். சில வாரங்களில் பயம் குறைந்தது. சூரணத்தாலா, மகன் தேறியதாலா, இன்றும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டு ஆவடிக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இயற்கை மருந்துதான்க்கா. சைடு எஃபெக்ட்டே கிடையாது."

"நீ சொன்னா சரிதான்டி. கசக்குமா?"

"கொஞ்சம் கசக்கும்."

"உன் வாயை விடவா?"

எப்படிச் சாப்பிடுவது என்று எழுதித் தர ஒரு தாள் கேட்டேன். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 'காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன், பாலில்' என்று பெரிய எழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அதைப் பார்த்து, "விடாம சாப்பிடறியா?" என்று கேட்டேன்.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் அக்கா விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "தைராய்டு ரொம்ப நாளா அதிகமா சுரந்திருக்கும்மா. இதயம் தாங்கல. ரத்தத்துல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாருமே பார்க்கலையா?" சூரணத்தைப் பற்றிச் சொன்னேன். "இந்த நோய் இருக்கறவங்களுக்கு அது ஆகாதே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதனாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது" என்றும் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் ஓராண்டாக இருக்கிறேன். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. தைராய்டு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. கீழே, அடிக்கோடிட்டு, 'உடனே'.

ஏன் அக்கா அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார்? "டெஸ்ட்டு எடுத்தா எதுனா கண்டுபுடிச்சி ஆஸ்பத்திரியிலயே குந்த வெச்சிருவாங்க" என்று அத்தை சொன்னதை நம்பிவிட்டாரா? தங்கை எழுதித் தருவதே போதும் என்று நினைத்தாரா? அக்கா மீதும் கோபம் வருகிறது. பிறகு, எழுதுவதற்கு முன் ஒரு தாளின் மறுபக்கத்தைப் பார்க்காத என் மீது வருகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது.

போன மாதம், இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் அக்காவின் மகள், பத்தாம் வகுப்புப் படிப்பவள், நெஞ்சு படபடக்கிறது என்றாள். மறுநாளே அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டார். "அவங்கம்மா மாரியே பயந்தாங்கொள்ளி. இத்தப் பால்ல கலந்து குடு."

"அத வெளிய வெச்சிட்டு உள்ள வாங்க அத்தை."

"இன்னா வாயி இது! மூலிகை உனுக்கு வெசமாப் பூச்சா?"

"மொதல்ல ரத்தம் பார்த்துட்டு வரேன். அப்புறம் பேசுங்க."

பெரியவர்களிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவள் நான். அன்று தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று பல நாள் யோசித்தேன். கேட்கப் போவதில்லை.

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. தேர்வு பயம்தான் என்றார் டாக்டர். துளசி போட்ட வெந்நீர் கொடுக்கலாமா என்று நானே கேட்டேன். தாராளமாக என்றார். இப்போது தினமும் மாலையில் கொடுக்கிறேன். துளசி மீது எனக்குக் கோபம் இல்லை. இன்ன நோய் என்று பார்ப்பதற்கு முன்பே பெண்ணின் உடம்புக்குப் பயம் என்று பெயர் வைத்துவிடுகிறோமே, அதன் மீதுதான்.

படிக்கட்டில் அக்காவின் தலையைத் தன் மடியில் தாங்கிய பூக்காரம்மாவுக்கும், ஒன்றும் கேட்காமல் மருத்துவமனைக்கு விரைந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், முறை வைத்து உடனிருந்த கம்பெனித் தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அத்தையும் அந்த மூன்று நாளும் மருத்துவமனை வாசலைவிட்டு நகரவில்லை. அவருக்கும் நன்றி. மேலே எழுதிய எதையும் அதற்காக அடிக்கப் போவதில்லை.

அக்கா பயந்தே போனார் என்று இனியும் சொல்ல நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வாருங்கள். அந்தத் தாள் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. டாக்டர் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கை