குதிரையின் தேறிய முகம்

குதிரை நிற்கும்போது பின்னங்கால் ஒன்றை லேசாக மடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஒரு கால், பிறகு மற்றது. அது ஓய்வு. முன்னங்கால்களை அப்படி மாற்றி மாற்றி வைத்தால் அது ஓய்வு இல்லை, வலி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் குதிரை முன்னங்கால்களை மாற்ற ஆரம்பித்தது.

என் வேலை அறை மாடியில். ஜன்னலுக்கு நேர் கீழே கொட்டகை. பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் கரையும் முந்தானையும் வரைந்து கொடுப்பது என் தொழில். ஒரு கட்டம் தப்பினால் தறியில் அது ஒரு முழத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும். அதனால் எழுந்திருக்காமல் வேலை பார்க்கிற பழக்கம் எனக்கு. அந்த மழைக்காலத்தில் அது போய்விட்டது. கீழே கல்தரையில் குளம்பு நகரும் சத்தம் கேட்கும். எழுந்து எட்டிப் பார்ப்பேன். உட்கார்ந்ததும் மறுபடி கேட்கும். சத்தம் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று எழுவேன்.

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது வாங்கியது அது. நடுவயதுப் பெண் குதிரை. மேளச் சத்தத்துக்கு அசையாது, பிளாஸ்டிக் பைக்கு மிரளும். நாளெல்லாம் திரையைப் பார்க்கிறவனுக்குக் காலையில் ஏரிக்கரை வரை அதன்மேல் போய்வருவது பெரிய விடுதலை. எங்கள் ஊர் சேவூரில் அதற்காக என்னைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. எனக்கு அது தொந்தரவாக இருந்ததும் இல்லை.

கால் மாற்ற ஆரம்பித்ததும் சவாரியை நிறுத்தினேன். மழை நாட்களில் முதலில் குளம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடியில் சேறு தங்கினால் அழுகும், நாறும். காலையும் மாலையும் குளம்பைச் சுரண்டித் துணியால் துடைத்தேன். கொட்டகைத் தரைக்கு மேடாக மணல் போட்டேன். அழுகல் இல்லை, நாற்றம் இல்லை. குளம்பின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே சூடு. முழங்காலைச் சுற்றி நாடா வைத்து அளந்தேன். ஒரே அளவு. என் கண் பழகியிருப்பது அப்படித்தான். கரையில் பாதிப் பூவைப் போட்டால் மறுபாதியைக் கணினி திருப்பிப் போட்டுக்கொள்ளும்; இரண்டும் ஒத்துப்போகாத இடம் எதுவோ அதுதான் தப்பு. குதிரையின் உடம்பில் அப்படி ஓர் இடமும் அகப்படவில்லை.

ஆனால் நொண்டல் இடம் மாறியது. ஒரு நாள் இடது முன்னங்கால். சில நாள் கழித்து வலது. பிறகு பின்னங்கால். மாடுகளைப் பார்க்கிற டாக்டர் வந்து பார்த்தார். குதிரை தனக்கு அதிகம் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லி வலிக்கு ஊசி போட்டார். இரண்டு நாள் சரியாக நின்றது. மூன்றாம் நாள் பழையபடி. டீக்கடைக்காரர் தெருவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஊர்வலம் எப்போ வரும்னு டான்ஸ் ஆடிகினு கீதா?" என்றார். சிரிக்க முடியவில்லை.

எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தில் என்னைப் பாராட்டினார்கள். குதிரை தேறிவிட்டது என்றார்கள். போன கோடையில் அது மிகவும் இளைத்திருந்தது. வெயிலில் தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். என் மனைவியின் தம்பி ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். தவிடு குடுங்க மாமா, எலும்பும் தோலுமா இருந்த மாடெல்லாம் எங்க தவிட்டுலதான் எழுந்து நின்னுது என்று சொல்லி ஒரு மூட்டையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்தான். வெல்லத் தண்ணீரில் பிசைந்து வைத்ததும் குதிரை வாளியை நக்கியது. அதிலிருந்து மூட்டை தீரும் முன்பே அடுத்தது வந்துவிடும். காசு என்ற பேச்சை எடுத்தால் அக்கா வீட்டுக்குத் தவிட்டுக்குக் காசு வாங்கறவனா நான் என்று கோபித்துக்கொள்வான். கூடவே கொல்லையில் மாட்டுத் தீவனமாகப் போட்டிருந்த கோ-4 புல். ஆடி முடிவதற்குள் விலா எலும்புகள் மறைந்தன. மச்சான் வரும்போதெல்லாம் குதிரையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிடுவான்.

"இங்க பாருக்கா, கோடையில எலியாட்டம் இருந்துச்சி. இப்போ கன்னத்த பாரு. உன் ஊட்டுக்காரருக்குத்தான் ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது."

கன்னம் நிறைந்துதான் இருந்தது. கண்ணுக்குக் கீழே, மூக்கெலும்புக்கு இரு புறமும். நானே அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

தை மாதம் குதிரை புல்லை மென்று பாதியில் துப்ப ஆரம்பித்தது. ஈரமான உருண்டைகள் தொட்டியைச் சுற்றிக் கிடந்தன. அன்று மாடியில் என்னால் ஒரு கட்டம்கூட நிரப்ப முடியவில்லை. மாட்டு டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் பேசினார். அவர் குதிரைகளை மட்டும் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து வந்தார்.

அவர் கால் பக்கம் போகவே இல்லை. முகத்துக்கு நேரே நின்று கன்னத்தை விரலால் அழுத்தினார். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்; இரு புறமும் தட்டினார். வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களைத் தொட்டு அசைத்தார். ஒன்று அசைந்தது.

"எவ்ளோ நாளா மூஞ்சி இப்டி இருக்கு?"

"ஆடியிலேர்ந்து. நல்லா தேறிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"இது தேறினது இல்ல சார். எலும்பு வீங்கியிருக்கு."

என்ன தீனி என்று கேட்டார். தவிடு, எந்த வேளை, எந்தப் படியால் அளந்து, எல்லாம் சொன்னேன். கோ-4 புல்லையும் சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டே ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் பார்த்தாலே தெரிகிறது என்றார். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்தப் புல்லோ இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு மிருதுவாகி, முகத்தில் வீங்கும், மூட்டுகளில் வலிக்கும். தவிடு மாட்டுக்குப் பழுதில்லை, குதிரைக்கு மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது. இரண்டையும் இன்றே நிறுத்தி, குதிரைமசால் தழையும் காய்ந்த புல்லும் சுண்ணாம்புக்கல் தூளும் கொடுக்க வேண்டும். யாரும் மேலே ஏறக் கூடாது; இந்த நிலையில் எலும்பு சுலபமாக உடையும். உடைந்தால் எழுப்ப முடியாது. பிழைக்குமா என்று கேட்டேன். பங்குனியில் நடையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வீங்கியிருந்தது. பாதியைத் திருப்பிப் போட்ட பூ மாதிரி. அதனால்தான் என் கண்ணில் படவில்லை.

டாக்டரின் கார் தெருமுனை திரும்புவதற்குள் மச்சானின் ஸ்கூட்டி வந்தது. காலடியில் தவிட்டு மூட்டை. மனைவி என்னைப் பார்த்து, நீங்க பேசாதீங்க என்று சைகை காட்டிவிட்டு அவளே சொன்னாள். அவன் மூட்டையை இறக்கவில்லை. என்னைத்தான் கேட்டான்.

"அப்போ எங்க மில்லு தவுடு வெசமா மாமா?"

விஷமில்லை, குதிரைக்கு ஆகாது, அவ்வளவுதான் என்றேன். டாக்டர் சொன்ன கணக்கையும் வரிசையாகச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். அவன் வண்டி தெரிந்ததும் குதிரை கழுத்தை நீட்டிக் கனைத்தது. எப்போதும் அப்படித்தான், வாளி வரும் என்று அதற்குத் தெரியும். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மாசி முழுதும் வரவில்லை. அக்காவிடம் போனில் பேசினான். என்னிடம் கொடு என்று சொல்லவில்லை. குதிரைமசால் தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியிடம் கிடைத்தது. அவர் கட்டுகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார், நான் ஆரணி நிலையத்தில் நின்று இறக்கிக்கொள்வேன். புதுத் தீனிக்கு ஒரேயடியாக மாறினால் வயிறு பிடித்துக்கொள்ளும். தினம் ஒரு கைப்பிடி கூட்டினேன். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மாடியில் உட்கார்ந்தால் குளம்புச் சத்தம், இறங்கினால் முடிக்காத முந்தானை. நான் சாப்பாட்டுத் தட்டோடு கொட்டகைக்குப் போய்விடுவதாக மனைவி சொன்னாள். நான் கவனித்திருக்கவில்லை.

மாசிக் கடைசியில் புல் உருண்டைகள் கிடப்பது நின்றது. பங்குனியில் வேலூர் டாக்டர் வந்து குதிரையைக் கல்தரையில் நடக்கவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அடிச் சத்தத்தைக் கேட்டார். நான்கு அடியும் ஒரே சீராக விழுந்தன. எலும்பு கெட்டிப்படுகிறது, முகத்து வீக்கம் முழுதாக வடியாது, சவாரி இப்போது வேண்டாம், கையில் பிடித்து ஏரிக்கரை வரை நடத்தலாம் என்றார்.

மறுநாள் காலை நான் கயிற்றைப் பிடித்துத் தெருவுக்கு வந்தபோது மச்சான் ஸ்கூட்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நின்றான். அக்கா சொல்லியிருப்பாள். குதிரை அவன் சட்டையை மோந்தது, வண்டியின் காலடியை மோந்தது. ஒன்றுமில்லை. அவன் அதன் முகத்தைப் பழையபடி பிடித்தான். கை கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இன்னும் கொறையலயே மாமா."

"முழுசா கொறையாதாம்."

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு எனக்கு எதிர்ப்பக்கம் வந்து கழுத்தில் கை வைத்து நடந்தான். இருவரும் அடிகளைக் கேட்டுக்கொண்டு நடந்தோம். மதகு அருகே குதிரை சட்டென்று நின்று இடது முன்னங்காலைத் தூக்கியது. அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்தேன்.

காலை உதறிக் கீழே வைத்தது. ஒரு மாட்டு ஈ பறந்து போனது. குதிரை நடந்தது. நாங்கள் அடுத்த அடிக்குக் காது கொடுத்துக்கொண்டு கூடவே போனோம்.