மடியில் ஓர் ஐஸ் பெட்டி

மடியிலிருக்கும் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, விரல் நீளக் குழாயை எடுத்துப் பஸ் டிக்கெட்டின் மேல் பிடித்துப் பார்ப்பாள் ஜெமி. குழாய் வழியே எழுத்து தெரிந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். மூடி வைத்த மறுகணம், சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு வேண்டிய மைக்ராஸ்கோப் மதுரையில்தான் இருக்கிறது. இன்று மதியம் கிடைத்திருக்கும் நேரத்தைத் தவறவிட்டால், அடுத்த முறை வருவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். அப்புறம் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அவளிடம் காரணமே இருக்காது.

"பால்கோவாவா தாயி?" என்றாள் பக்கத்து இருக்கை சுடலைமாடத்தி. இந்த வழியில் பெட்டியோடு போகிற எல்லாரையும் கேட்கும் கேள்விதான்.

ஜெமி பையிலிருந்து பேண்டேஜ் துணித் துண்டை எடுத்தாள். யார் கேட்டாலும் இதைத்தான் எடுப்பாள். மடக்கிய விரல்மேல் அதை இழுத்துப் பிடித்தாள்.

"வளைச்சா வெளிப்பக்கம் இழை விலகுதுல்லக்கா? செல்லைச் சுத்தியிருக்க சவ்வும் அப்படித்தான். சில புரதத்துக்குக் கொழுப்புல ஒரு வாலு உண்டு. அந்தச் சந்துல வாலைச் செருகிக்கிட்டு ஒக்காந்துக்கிடும். எங்க வளைவு சாஸ்தியோ, அங்க கூட்டமும் சாஸ்தி."

"டவுன் பஸ் படிக்கட்டு மாதிரின்னு சொல்லு."

குழாயிலிருப்பவை அந்தச் சவ்வால் அவளே செய்த குமிழிகள். கண்ணுக்குத் தெரியாத பொடிசு. பொடிசாக இருந்தால்தான் வளைவு அதிகம். சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடுமோ என்பதுதான் அவள் பயம். பெருத்தால் வளைவு போகும், தெளிந்த நீர் பாலாகக் கலங்கி எழுத்தை மறைக்கும், மூன்று மாத உழைப்பும் பாழ்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், பெட்டி குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சுடலைமாடத்தியிடம் சொல்லிவிட்டு ஐஸ் வாங்க இறங்கினாள். திரும்பி வந்தபோது இருக்கையில் பெட்டி இல்லை.

"குலுங்கக் கூடாதுன்னியே தாயி, அதான் முன்னால வைக்கச் சொல்லிக் குடுத்தேன்."

"பத்திரமா இருக்கும்மா!" என்றார் கண்டக்டர் பாண்டிச்செல்வம். டிரைவர் பக்கத்து இஞ்சின் மூடியின் மேல், தன் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்.

ஜெமி பெட்டியை வாரி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடிப்பக்கம் சுட்டது, உள்ளே மிஞ்சியிருந்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டிருந்தது. வாங்கி வந்த ஐஸை உள்ளே கொட்டி மூடினாள். பஸ் புறப்பட்டு ஊர் எல்லை தாண்டியும் குழாயைத் தொடக் கை துணியவில்லை.

"பாரேன் தாயி. பாக்காம எம்புட்டு நேரம் இருப்ப?"

குழாயைப் பேண்டேஜ் துணியால் துடைத்தாள். டிக்கெட்டின் மேல் வைத்தாள். குழாய் வழியே, அன்றுதான் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளையைப் போல உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்:

"ம... து... ரை..."