புடவைக் கடை மாடியில் ஒரு ரேஸ்

ஜெர்மனியில் காட்டுக்கு நடுவே ஒரு ரேஸ் ரோடு இருக்கிறது. அதில் இருநூற்று ஐம்பது வேகத்தில் போய், உலகத்திலேயே பெரிய பெரிய டிரைவர்களை எல்லாம் முந்தியவன் நான்.

பொய். நான் உட்கார்ந்திருந்தது தி.நகரில், ஒரு புடவைக் கடையின் மூன்றாவது மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் ஒரு கட்டைப்பை. வாந்தி வந்தால் பிடிப்பதற்கு. அதில் ‘மீண்டும் வருக’ என்று அச்சடித்திருந்தது. முந்தியதும் நான் இல்லை. என்னைத்தான் எல்லோரும் முந்தினார்கள். ஒருத்தன் இரண்டு தடவை முந்தினான்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீடு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆறாவதோடு உறவு முறிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் நிம்மதி. இந்த ரேஸ் விவகாரத்தில் என்னை இழுத்துவிட்டது என் மச்சான். என் பெண்டாட்டியின் தம்பி. அடையாறில் லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு நாள் தன் பைக்கை விற்று ஒரு ஸ்டீயரிங் வாங்கிவந்தான். கார் இல்லை, வெறும் ஸ்டீயரிங். கூடவே மூன்று பெடல், அதையெல்லாம் மாட்ட ஓர் இரும்புச் சட்டம், கண்ணில் கட்டிக்கொள்ள ஒரு வி.ஆர். பெட்டி. அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். தலையைத் திருப்பினால் பக்கத்து சீட் தெரியும். குனிந்தால் தொடைகூடத் தெரியும். என் தொடை இல்லை, எவனோ ஒரு வெள்ளைக்காரனின் தொடை.

“சொந்தமா கேம் கடை போடப் போறேன் மாமா. இனிமே எவன் லேப்டாப்பையும் நான் தொறக்க மாட்டேன்” என்றான்.

கடைக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் சாமானை எங்கள் ஹாலில் வைத்தான். எங்கள் ஹால் என்பது நான் பாய் போடுகிற இடம். அன்றிலிருந்து என் படுக்கை பெடலுக்குக் கீழே. புரண்டு படுத்தால் பிரேக்கில் மூக்கு இடிக்கும். இடம் மட்டும் கிடைக்கவில்லை. பெசன்ட் நகரில் கேட்ட அட்வான்ஸைச் சொன்னால் பீச்சையே சேர்த்துத் தருகிறார்களோ என்று தோன்றும். மச்சானின் முகம் நாளுக்கு நாள் வாடியது, என் மூக்கு நாளுக்கு நாள் சப்பையானது.

அப்போதுதான் அண்ணாச்சி ஞாபகம் வந்தார். நான் வண்டி போடுகிற ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் புடவைக் கடையின் முதலாளி. திருநெல்வேலிப் பக்கம். டீ குடிக்க வெளியே வந்தால் என்னிடம் புலம்புவார். புலம்பல் எப்போதும் ஒன்றுதான். புருஷன்மார்கள்.

“பொம்பளையாளுவ ஆசையா அஞ்சாவது சேலையப் பிரிக்கச் சொல்லுதாவ. இவன் வாட்ச்சப் பாக்கான். ஆறாவதுக்குக் கொட்டாவி விடுதான். அந்தக் கொட்டாவியில எம்புட்டு யாவாரம் போவுது தெரியுமாவே?”

“அண்ணாச்சி, புருசனுங்கள நான் பாத்துக்கறேன்” என்றேன். மச்சானின் ரேஸைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது மாடியில் மாமியார் சேலைகள் விற்கிற பகுதியில் ஒரு மூலை காலியாக இருந்தது. அதை ஏற்கெனவே ஒரு ஸ்வீட் கார்ன்காரர் கேட்டிருந்தார். அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“கொண்டாங்க, பாப்போம். எனக்குப் பிடிச்சா மூலை உங்களுக்கு. பிடிக்கலன்னா சோளம். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு வெளையாட்டுத்தான் வைக்கணும். எது ஆடலாம்னு ஆம்பளையாளும் நின்னு யோசிச்சான்னா, எங்கடையில யாருதான் யோசிக்காம நிப்பா?”

கூட்டம் இல்லாத ஒரு வார நாள் காலையில் சாமானைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஸ்டீயரிங் சவாரி மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, மச்சான் அதற்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு வந்தான். சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னாயா, ஹேண்டில்பார கழட்டிட்டு இத்த மாட்டப் போறியா?”

“இல்ல சார், இது எங்க மாப்ள. பொண்ணு பாக்கப் போய்க்கினு இருக்கோம்” என்றேன். நல்லவேளை, பச்சை விழுந்தது.

மச்சானிடம் மூன்று ரேஸ் கேம்கள் இருந்தன. மூன்றையும் ஓட்டிக் காட்டி, அண்ணாச்சி கை காட்டுகிற ஒன்றை வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பெட்டிக்குள் நான் பார்ப்பது வெளியே இருப்பவர்களுக்கும் தெரிய ஒரு டி.வி.யையும் மாட்டினான். அண்ணாச்சி, சேலை விரிக்கிற வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கவுன்ட்டர் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“ஓட்டுதது யாரு?”

“மாமாதான். இருவது வருசமா வண்டி ஓட்றாரு.”

“தல கில சுத்தாதுல்லா?”

“எனக்கா?” என்று சிரித்தேன். “ரங்கராட்டினத்துலயே பிரியாணி துன்னவன் அண்ணாச்சி.”

இதுவும் பொய். நானே ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வேறு யாராவது ஓட்டினால் வேளச்சேரி போவதற்குள் எனக்கு ஜன்னல் சீட் வேண்டும். மச்சானுக்கு இது தெரியும். அதனால்தான் அந்தக் கட்டைப்பையை வாங்கி மடியில் வைத்தான்.

அந்த ஜெர்மனிக் காட்டு ரோடுதான் முதல் கேம், மச்சான் உயிரையே வைத்திருந்த கேம். ஈர ரோட்டில் டயர் வழுக்குவதுகூட ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரியும். “இதான் மாமா, ஒரிஜினல் மாரியே இருக்கும்” என்று காதில் சொன்னான். விளக்கு பச்சையானது. மிதித்தேன். முன்னால் ஒருத்தன் குறுக்கே வந்தான், கட்டை விரல் தானாக ஹாரனைத் தேடியது. ஹாரன் இல்லை! ஹாரன் இல்லாத வண்டியை ஒரு மனுஷன் எப்படி ஓட்டுவான்? முதல் வளைவு வலது பக்கம் வந்தது. இருபது வருஷப் பழக்கம், வலது கையை வெளியே நீட்டிக் காட்டினேன்.

ஏதோ தட்டுப்பட்டது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், பக்கத்தில் நின்ற பொம்மை குப்புறக் கிடந்தது. அதன் முந்தானை என் கையில். கவுன்ட்டர் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

“மாமா! ரேஸ் கார்ல எவனாவது கை காட்டுவானா?”

“பின்னாடி வர்றவனுக்குத் தெரிய வேணாமா? அவனும் புள்ள குட்டிக்காரன்தானே?”

மறுபடி கட்டிக்கொண்டு ஓட்டினேன். அங்கேதான் வினை. படம் அவ்வளவு அழகு, ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் அந்த அழகை இழுக்க மச்சானின் லேப்டாப்புக்குத் தெம்பு பத்தவில்லை. நான் தலையைத் திருப்பினால் தலை முதலில் திரும்பும், படம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். அந்த இடைவெளியில் என் வயிறு தனியாக ஒரு ரவுண்டு போய்வந்தது. இறங்கும்போது மாடியே சுற்றியது.

“எப்படிவே இருக்கு?”

“சூப்பர் அண்ணாச்சி.”

“அப்ப ஏன் மூஞ்சி வெத்தலைக் கலர்ல இருக்கு?”

“ஸ்பீடு அண்ணாச்சி. ஸ்பீடுல கலரு மாறும்.”

அண்ணாச்சி, வாடிக்கையாளர்கள் அவரிடம் சொல்கிற மாதிரியே சொன்னார். “வேற எடுத்துப் போடு.”

இரண்டாவது கேம் மண் ரோட்டில் போவது. பக்கத்து சீட்டில் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன வளைவு வருகிறது என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டே வருவான். அது அவன் வேலை என்று மச்சான் எனக்குச் சொல்லவில்லை. நான் அவனைச் சவாரி என்று நினைத்துவிட்டேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டு, போனைப் பார்த்து லெஃப்ட் ரைட் சொல்லி உயிரை வாங்குபவர்களை எனக்குத் தெரியாதா?

“சார், வழி எனக்குத் தெரியும், செத்த வாய மூடிக்கினு வா” என்றேன். அவன் கேட்கவில்லை. “அவ்ளோ தெரிஞ்சா நீயே ஓட்டேன்டா!” என்று அவன் பக்கம் திரும்பிச் சண்டை போட்டேன். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு மேட்டில் ஏறிப் பறந்தது. வண்டி கீழே இறங்கிவிட்டது. என் வயிறு இறங்கவில்லை. மேலேயேதான் வந்தது.

கட்டைப்பை அன்றைக்கு அதன் கடமையைச் செய்தது.

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கவுன்ட்டர் பெண்கள் பக்கத்தில் இருந்த சேலைகளை அவசர அவசரமாக மடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறினார்.

“தம்பி, நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா நாளைக்கு ஒருத்தன் ஒரு பட்டுச் சேல மேல இப்படிச் செஞ்சா நான் என்ன செய்ய? சோளக்காரரை வரச் சொல்லிருதேன்.”

மச்சான் அந்த ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சொந்தக்காரன் மாதிரி. என்னால்தான் இப்படி ஆனது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன், “மூணாவது ஒண்ணு கீது அண்ணாச்சி. அத்தையும் பாத்துருங்க. புடவைன்னா மூணு பாக்காம எழுந்திருப்பாங்களா?”

“ஓட்ட ஆளு எங்கவே? நீரு இந்தக் கெதியில இருக்கீரு.”

“நீங்களே உக்காருங்க.”

அண்ணாச்சி அந்த நாற்காலியைப் பார்த்தார். பையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது கேமை மச்சான் கணக்குக்காகத்தான் வைத்திருந்தான். பழைய கேம். மரங்கள் கீரைக்கட்டைக் குத்திவைத்த மாதிரி இருக்கும். ஆனால் படம் சிம்பிளாக இருந்ததால் லேப்டாப் மூச்சு வாங்காமல் ஓடியது, தலை திரும்பும்போதே படமும் கூடவே திரும்பியது. ஒரு மலை ரோடு. மற்ற கார்கள் எல்லாம் விளக்கு மாறியதும் சீறிக்கொண்டு போய்விட்டன. அண்ணாச்சி ஊர்வலத்தில் போகிற மாதிரி கிளம்பினார்.

“மிதிங்க அண்ணாச்சி, எல்லாரும் போய்க்கினே கீறாங்க” என்றேன்.

“போட்டும்டே. போறவன் போட்டும். நமக்கென்ன அவசரம்?”

ஒரு வளைவு, இரண்டு வளைவு. பிறகு ஓர் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியேவிட்டார். மச்சான் தலையில் கை வைத்தான். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பி, கீழே எட்டிப் பார்த்தார்.

“ஏ, கீழ ஒரு பெரிய குளம் கெடக்குடே! எம்புட்டுத் தண்ணி!”

அது ஏரி. நீல பெயின்ட் அடித்த ஏரி. அண்ணாச்சி அதை அப்படிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியைக் கழற்றாமலேயே கேட்டார், “தம்பி, மொத வெளையாட்டுல இப்படி நிறுத்தலாமா?”

“நிறுத்தினா ரேஸ்லேர்ந்து வெளிய தள்ளிடும் அண்ணாச்சி.”

“ரெண்டாவதுல?”

“அதுல டைம் ஓடிக்கினே இருக்கும்.”

“அப்ப அதெல்லாம் யாவாரம். இதுதான் லீவு.”

வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டார். ஒரு ரவுண்டு முடிந்தது, இறங்கவில்லை. மற்ற கார்கள் ரேஸை முடித்து வீட்டுக்கே போயிருக்கும். கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் ஆளைக் காணோம் என்று மேலே ஏறிவந்தார். கண்ணில் பெட்டியும் கையில் ஸ்டீயரிங்குமாக அண்ணாச்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன கோலம் இது? கீழ ஆளுவ பில்லுக்கு நிக்காவ!”

“செத்த இரு, இந்த வளைவத் தாண்டிக்கிடுதேன்.”

“கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா, சீசன் சீசன்னு சொல்லுதிய. இப்ப மட்டும் தனியா எந்த மலைக்குப் போறிய?”

அண்ணாச்சி ஸ்டீயரிங்கை விடாமல் இடது கையால் பக்கத்தில் தட்டிக் காட்டினார். “ஏறு. இந்த சீட்டு சும்மாத்தான் கெடக்கு.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கவுன்ட்டர் பெண்கள் கூச்சலே போட்டுவிட்டார்கள். ஒரு வழியாகப் பெட்டியைக் கழற்றிய அண்ணாச்சியின் முகத்தில் வெற்றிலைக் கலர் துளிகூட இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

“சோளம் வேண்டாம். மூலை உனக்குத்தான் தம்பி. இந்த மூணாவதையே வையி. மத்த ரெண்டையும் கொண்டுபோயிரு, பாத்தாலே குமட்டுது.”

மச்சான் அண்ணாச்சியின் காலில் விழப்போனான், குனிந்த வேகத்தில் இரும்புச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். என் மூக்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதாவது புரிந்திருக்கும்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டோம். நான் சவாரி இல்லாத நேரத்தில் மேலே போய் வரிசையைப் பார்த்துக்கொள்வேன். புருஷன்மார்கள் வந்ததும் முதலில் ரேஸ்தான் ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று. அடுத்த சுற்றில் கால் தானாக மெதுவாகிறது. கடைசியில் எல்லோரும் அந்த ஏரி ஓரத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண்டாட்டி வந்து கூப்பிட்டால், “இன்னும் ரெண்டு பாரேம்மா” என்கிறார்கள். தி.நகரில் ஓர் ஆண் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இன்று காலையில்தான் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். கூடவே அவருடைய ஆத்துக்காரர். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்த ஒரு நிமிஷத்தில் மாமி, “இப்படியா வளைப்பேள்? எழுந்திருங்கோ” என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டு, ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு, தானே உட்கார்ந்தார். மச்சான் ஸ்டார்ட் பண்ணினான். இதுவரைக்கும் எங்கள் கடையில் யாருமே முந்தாத ஒரு சிவப்புக் காரை, மாமி இரண்டாவது வளைவிலேயே...

“மாமா! ஆட்டோல குந்திக்கினு இன்னா கிறுக்கிக்கினு இருக்க? சீக்கிரம் மேல வா! மாமி எறங்க மாட்டேன்றாங்க, வரிச படி வரிக்கும் நிக்குது. அவங்க வூட்டுக்காரரு பத்துப் புடவையப் பிரிச்சுப் போட்டுக்கினு, எது எடுக்கறதுன்னு உன்னக் கூப்புட்றாரு!”