மகனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய உம்மா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்து தாமிரபரணியில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஒரு ஜனவரி மாதத்தில் என் ஒரே மகளின் கல்யாணம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நான் பிறந்ததும், எனக்கு நிக்காஹ் ஆனதும், மகளைப் பெற்றதும் ஒரே வீட்டில்தான். வெளியூர்த் தோழிகள் மாமியார் கதைகளைச் சொல்லி மூக்கைச் சிந்தும்போதெல்லாம், "எங்க ஊர்ல பொண்ணாப் பொறக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று பீற்றிக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

மகள் கனடாவில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். பையன் பிறந்து வளர்ந்தது கனடாவில், பெற்றவர்கள் லாகூர்க்காரர்கள். பாகிஸ்தான் என்று காதில் விழுந்ததுமே போனை வைத்துவிட்டேன். ஊர் என்ன பேசும், போலீஸ் வந்து என்ன கேட்கும் என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் சவுதியில் பல வருடம் பாகிஸ்தான்காரர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். "அவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான் ளா. பையன் தொழுகையாளி, குணமா இருக்கான். வேற என்ன வேணும்?" என்று அவர்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்தார்.

விசாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் மாப்பிள்ளைக்கும் அவருடைய உம்மாவுக்கும் மட்டும்தான் கிடைத்தது. மாப்பிள்ளையின் வாப்பா உயிரோடு இல்லை, ஏற்கெனவே மவுத்தாகிவிட்டார். மகள் மொழிபெயர்க்க, அந்த அம்மா போனில் எல்லாவற்றுக்கும் சரி என்றார். முதல் நாள் அவர்கள் முறைப்படி மஞ்சள் உடுப்பில் மருதாணி. மறுநாள் எங்கள் முறைப்படி நிக்காஹ், தாலி போலக் கட்டும் கருகமணி. அன்றே மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த நாள் மாப்பிள்ளை தரப்பில் வலீமா விருந்து. எல்லாம் முடிந்து கனடா புறப்படும் நாளில் 'ருக்ஸதி' செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர் கேட்டுக்கொண்ட ஒன்று. பெண்ணின் தலைக்கு மேல் குர்ஆனைப் பிடித்து, அதன் கீழே அவளை நடத்தி, பிறந்த வீட்டிலிருந்து வழியனுப்புவதற்கு அப்படிப் பெயராம்.

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் வேலைக்குப் போகிறாள், முன்பு போனது போலவே போகிறாள், அவ்வளவுதான். மாடியில் அவளுக்கென்று கட்டிய அறைக்கு நானே நின்று வெள்ளையடித்திருந்தேன். அவள் என் வீட்டுப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வழியனுப்பிவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமே என்று பயம். "பாப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

திருநெல்வேலிக்குப் போய் எடுத்து வந்த மஞ்சள் துணியில் மருதாணி நாள் அழகாகவே நடந்தது. அந்த அம்மா டோலக்கைத் தட்டி அவர்கள் பாட்டைப் பாட, அர்த்தம் புரியாமலே எங்கள் பெண்கள் கை தட்டினார்கள். மறுநாள் நிக்காஹ் முடிந்ததும், எப்படிக் கட்டுவது என்று கேட்டுக் கேட்டு அந்த அம்மாவே என் மகள் கழுத்தில் கருகமணியைக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பழக்கமில்லாததால் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் கணவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து எங்கள் வாசலுக்குக் கூட்டி வந்தார். கூடவே வந்த அந்த அம்மா படிக்கட்டில் நின்றார். பையிலிருந்து பச்சைத் துணி சுற்றிய குர்ஆனை எடுத்து மகன் தலைக்கு மேல் உயர்த்தினார். நெட்டையான மனிதர், குனிந்து அதன் கீழே நடந்து உள்ளே வந்தார். அந்த அம்மாவின் முகமெல்லாம் கண்ணீர்.

"ஏன் லாத்தா, மாப்பிள்ளையோட உம்மா என்னத்துக்கு அழுவுதாஹ?" என்று என் தங்கை காதைக் கடித்தாள்.

"நல்ல காரியம் நடக்கும்போது இதென்ன அழுகை? நீ உள்ள வந்து மாப்பிள்ளைக்குப் பால எடு" என்றேன்.

அவரை உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று நினைத்ததில்லை, தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் உம்மா வாசலோடு திரும்பிப் போவதுதான் வழக்கம். இரண்டு தெரு தள்ளி அவருக்கென்று ஒரு வீடு ஏற்பாடு செய்திருந்தோம். வேளா வேளைக்குச் சாப்பாடு அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வலீமா முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. நெய்ச்சோறு, களறிக் கறி, கத்திரிக்காய் மாங்காய். மறுநாள் காலையில் பயணம். ருக்ஸதி எல்லாம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட, மொழிபெயர்க்க மகளையும் இழுத்துக்கொண்டு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது.

எங்கள் ஊர் விருந்தில் யாரும் தனியாகச் சாப்பிட மாட்டார்கள். சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அன்று விருந்துச் சாப்பாட்டை அந்தத் தட்டிலேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா பாயில் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய சஹனின் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்ற பக்கமெல்லாம் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். சாப்பிட வரும்படி கையைக் காட்டினார். நான் சொல்ல வந்ததைத் தொடங்குவதற்குள் அவரே மகளிடம் ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன ளா கேக்குதாஹ?"

"இந்த ஊர்ல மகனைக் குடுத்துட்டு எல்லா உம்மாமாரும் தனியாத்தான் வீட்டுக்குத் திரும்பிப் போவாஹளான்னு கேக்குறாங்க உம்மா. கூட யாரும் வர மாட்டாங்களான்னு."

குத்திக் காட்டவில்லை அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் எனக்குக் குத்தியது. எத்தனை கல்யாணம் பார்த்திருப்பேன்! எங்கள் ஊரில் யாரையும் வழியனுப்புவதில்லை என்று பெருமை பேசினேனே, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு மகன் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டுதானே இருந்தான்? எனக்கு மகன் இல்லை. அதனால் அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

என் மாமியார் நினைவுக்கு வந்தார். இதே தெருக்கோடியில்தான் இருந்தார். என் கணவர் ஊரில் இருக்கும் நாட்களில் காலைத் தேயிலையை அங்கே போய்க் குடிப்பார். அதற்கும் நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன். என் மாமியார் மவுத்தாகிப் பத்து வருடம் ஆகிவிட்டது.

ருக்ஸதி வேண்டாம் என்று சொல்லப் போனவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து சஹனின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். மகளும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒரே சஹனில் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன், "நீங்க இங்க வந்த அன்னைக்கு உங்க உம்மா அழுதாஹளா?"

"எனக்குத் தெரியாது. நான் உள்ள வந்துட்டேன்லா? ரெண்டு நாளு அடுப்பே பத்த வைக்கலன்னு பொறவு பக்கத்து வீட்டுல சொன்னாஹ" என்றார்.

கேட்டு அழுதேன். முப்பது வருடம் கழித்து.

திங்கட்கிழமை காலை கார் வாசலுக்கு வந்தது. அந்த அம்மா பச்சைத் துணி சுற்றிய குர்ஆனை என் கையில் கொடுத்தார். நீங்கள்தான் பிடிக்க வேண்டும் என்று சைகை காட்டினார். பிடித்தேன். என் மகள் அதன் கீழே குனிந்து, நான் பிறந்த வீட்டின், அவள் பிறந்த வீட்டின் படியில் இறங்கினாள். தெருவே பார்க்க வாய்விட்டு அழுதேன். காரில் ஏறப் போன அந்த அம்மா திரும்பிப் படியேறி வந்து, குர்ஆன் தாழ்ந்துவிடாமல் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அவரும் அழுதார். கார் ஆத்தூர்ப் பாலம் தாண்டிவிட்டது என்று மகள் போன் செய்யும் வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் பாலை எடுக்க நான் ஓடுவதில்லை. வாசலில் நிற்கும் அவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வீடு வரை நடந்து போகிறேன். சில பேர், "உனக்கு ஏன் ளா இந்த வேலை?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுப்பைப் பற்றவைத்துத் தேயிலை போட்டு அவர் ஒரு வாய் குடிக்கும்வரை கூட உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வருவேன். எங்கோ பிறந்த ஒரு தாய் என் வாசலில் நின்று அழுதபோது, நல்ல காரியத்தில் இதென்ன அழுகை என்று கேட்டேனே, அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அது போய்விடவும் வேண்டாம்.