மாலை போட்டவர் வெட்டிய பன்றி

என் கணவர் எதனால் செத்தார் என்று சொல்ல, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார். காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்ட மனுசன். காய்ச்சலோடு காதும் கேட்காமல் போனது. டெங்கு என்றுதான் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் சீழ் படிந்திருந்ததாம். உள்ளுறுப்புகளில் இரத்தக் கசிவு, தோலில் கருநீலத் திட்டுகள். இரத்தத்தைச் சோதித்ததில், பன்றியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு கிருமி இருந்திருக்கிறது.

"அவர் பன்றி ஏதும் வெட்டினாரா அம்மா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தாருங்க. பன்னி வாடைகூட அவரு மேல படல."

சும்மா சொல்லவில்லை. மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் கருவாடு இல்லை, முட்டை இல்லை. அவருக்குத் தனிப் பாய். என் விரல் பட்டால் விலகிக்கொள்வார். கட்டின பெண்டாட்டி நான், அவரைச் சாமி என்று கூப்பிட்டுத் தள்ளி நின்று சோறு போட்டேன்.

"வலது கைப் பெருவிரல் பக்கத்தில் ஒரு வெட்டுக் காயம் இருந்தது. கிருமி அதன் வழியாகப் போயிருக்கலாம். அவரோடு அந்த இறைச்சியைத் தொட்டவர்கள் இருந்தால் உடனே வர வேண்டும். அவர்கள் உயிருக்கும் ஆபத்து."

விறகு பிளக்கும்போது பட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அவள் ஞாபகம் வந்தது. மஸ்கெலியாவில் இருக்கும் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். இவரோடு படித்தவள், புருஷனை இழந்தவள். சாவு வீட்டுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு அவள் வீட்டுப் பன்றியை வெட்டிக் கொடுக்க இவர்தான் போவார். "அந்த ஊருல வேற ஆம்பளையே இல்லையா?" என்று வருசா வருசம் சண்டை போடுவேன். இந்த முறை மாலை போட்டதும், தொலைந்தாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் சாகட்டுமே என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்றால் பொய். ஆனால் அவளிடம் நேருக்கு நேர் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. செத்துப்போனவளிடம் எப்படிக் கேட்பது?

"நானே கூட்டிட்டு வாறேங்க" என்றேன்.

மஸ்கெலியாவில் கதவைத் திறந்தவளின் கையில் துணி சுற்றியிருந்தது. குடல் கழுவும்போது கத்தி கீறிவிட்டதாம்.

"மாலையோடயா வெட்டினாரு?"

"கழட்டி வச்சிட்டுத்தான்கா. வெட்ட வந்தவன் குடிச்சிட்டு விழுந்து கெடந்தான். வேற வழியில்லாம நான்தான் போன் பண்ணினேன். வெட்டி முடிச்சிக் குளிச்சிட்டு மறுபடி போட்டுக்கிட்டாரு. ஒரு துண்டு எறச்சிகூட வாயில வைக்கல."

எனக்காக ஒரு நிமிடம்கூட கழற்றாத மாலை. அவள் ஒரு போன் பண்ணியதும் கழன்றிருக்கிறது. அவளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. "டாக்டர் வரச் சொன்னாரு, கெளம்பு" என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நேரத்தோடு வந்துவிட்டதால் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் உடைந்து அழுதாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று நர்ஸ் கேட்டார்.

அது ஊசிக்கு அழுத அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். நான்கூட அவருக்காக அப்படி அழவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.