தங்கச்சி போட்ட ஒன்பது மணிப் பூட்டு

புத்தகம் ஒன்றில் எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரணதரம் வரைதான் படித்தேன். மாதா கோயிலில் வேதவாசகம் வாசிக்க ஆள் தேடினால் கடைசி வாங்குக்கு நகர்ந்துவிடுகிறவள். ஆனாலும் என் தங்கச்சியைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவள் செய்ததைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் இந்தத் துணிச்சலை மன்னித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி இத்தாலியில் ஒரு வயதான பெண்ணைப் பராமரிக்கிறாள். தங்கச்சியின் கணவர் பல நாள் மீன்பிடிப் படகில் தொழிலுக்குப் போகிறவர். படகு வெளிக்கடலில் நிற்கும்போது அவருடைய போன் வேலை செய்யாது. அவர்களுக்கு ஒரே மகள். தாய் விமானம் ஏறியதிலிருந்து பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள். நான் கலியாணம் செய்யவில்லை. வீடு மாம்புரிப் பக்கம், கடலுக்கும் தென்னந்தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது.

தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், மறைக்கல்வி வகுப்பில் என்று எங்கே போனாலும் பிறந்த திகதி கேட்பார்கள். நானும் பிள்ளையின் திகதியைச் சொல்வேன். என்னுடையதை யாரும் கேட்டதில்லை. நானும் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடிப் பாடங்களைப் போனில் அனுப்பத் தொடங்கியபோது, நல்ல போன் ஒன்று வாங்கும்படி தங்கச்சி காசு அனுப்பினாள். ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில் மதுரங்குளிச் சந்திக்குப் போய் வாங்கினேன். கொமினிகேஷன் கடைக்காரர் அதில் கணக்குத் திறந்து தந்தார். முதலில் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். பிறகு திகதி கேட்டார். வாய் தன்பாட்டில் பிள்ளையின் திகதியைச் சொல்லிவிட்டது.

அவர் போனைப் பார்த்துக்கொண்டு, "இது சின்னப் பிள்ளைக் கணக்கு எண்டு சொல்லுது. பெரிய ஆள் ஒருவர் பொறுப்பு நிக்கவேணுமாம். கார்ட்டும் கேக்குது" என்றார்.

பிள்ளையின் பாடத்துக்குத்தானே போன், அப்படித்தான் கேட்கும் என்று நினைத்தேன். எனக்குக் கார்ட் இல்லை. தங்கச்சிக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்தேன். அவள் தன் கார்ட் இலக்கத்தைத் தன் போனில் போட்டாள். வளர்ந்த ஆள்தான் என்று நிச்சயப்படுத்த சிறு தொகை ஒன்றை எடுத்துவிட்டு, பின்னர் அதைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அப்படித்தான் எங்கள் குடும்பக் கணக்குத் தொடங்கியது. பொறுப்பாளர் தங்கச்சி, காசு போவது தங்கச்சியின் கார்ட்டிலிருந்து, பிள்ளை நான்.

சில வருடங்களுக்குப் பிறகு பிள்ளைக்கென்று ஒரு போன் இத்தாலியிலிருந்து வந்தது. அவளையும் அதே குடும்பக் கணக்கில் சேர்த்தபோதுதான் தங்கச்சிக்கு விஷயம் விளங்கியது. திரையில் அவளுக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பிறந்த திகதி.

"அக்கா, எனக்கு இரட்டைப் பிள்ளையாம்! நீ எப்ப பிறந்தனீ? எனக்கு வயித்து நோவு வந்த ஞாபகமே இல்லையே!"

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. திருத்துவதென்றால் என் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்றாள். அந்த அட்டையில் உள்ள என் முகத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டது, விட்டபடியே நின்றுவிட்டது.

அதன் பலனை நானும் அனுபவித்தேன். இரவு ஒன்பது மணிக்குத் தங்கச்சி ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். அந்த நேரம் வந்தால் இரண்டு போனும் ஒன்றாகக் கறுத்துவிடும். ஒருநாள் பட்டர் கேக் செய்வது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையை உடைத்து ஊற்றும் இடத்தில் திரை கறுத்தது.

பிள்ளை பாயில் புரண்டு சிரித்தாள். "பெரியம்மா, உங்கட அம்மா படுக்கச் சொல்லிட்டா!"

செபமாலை சொல்லும் ஆப் ஒன்றை இறக்கப் பார்த்தேன். அதற்கும் அனுமதி வேண்டி இத்தாலிக்குச் செய்தி போனது. தங்கச்சி உடனே அழைத்தாள். "செபமாலை சொல்லுறதுக்கு என்னட்டக் கேக்கிறியா? மாதா என்ன நினைப்பா!"

ஆனால் பிள்ளை விஷயத்தில் அவள் விளையாடவில்லை. அந்தக் குடும்பக் கணக்கைக் கொண்டு அவள் தாயாக இருந்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சோறு ஊட்டவோ சீப்பால் தலை இழுக்கவோ அவளால் முடியாது. கையில் இருந்தது அந்தத் திரை மட்டும். அங்கே கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கும் வேலைக்கு நடுவில் இங்கே பிள்ளை எங்கே நிற்கிறாள், போனில் என்ன செய்கிறாள் என்று திரையில் பார்த்துக்கொள்வாள். பிள்ளை வாசித்துக் காட்டிய பாடம் நன்றாயிருந்தால் பத்து நிமிடம் கூட்டிக் கொடுப்பாள். கரண்ட் போன இரவுகளில், பிள்ளை இருட்டில் பயப்படுவாள் என்று பூட்டைத் தள்ளி வைப்பாள். திட்டிவிட்டு நேரத்தைக் குறைத்ததை நான் ஒருபோதும் கண்டதில்லை. முதலில் குறைப்பாள், பிறகு அழைத்து ஏன் என்று சொல்வாள், பிள்ளை சொல்வதையும் கேட்பாள்.

காசு விஷயமும் அப்படித்தான். பிள்ளை விளையாடும் ஒரு விளையாட்டில், ஓடுகிற பெண்ணுக்குப் பளபளப்பான உடுப்பு ஒன்று விற்றார்கள். இவள் வாங்கும் பொத்தானை அமத்த, கேள்வி தாயிடம் போனது.

"மகள், அந்த உடுப்பு உனக்கா, போனுக்குள்ள ஓடுற பிள்ளைக்கா?"

"அவளுக்குத்தான் அம்மா. எல்லாரும் வாங்கிட்டாங்க."

"அப்ப அவட அம்மா வாங்கிக் குடுக்கட்டும். எனக்கு ஏற்கனவே இரண்டு பிள்ளை."

பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் அடுப்படிக்கு வந்து அதைத் தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தான் அங்கே படும் பாட்டைச் சொல்லித் தங்கச்சி ஒரு தரமும் பிள்ளையின் வாயை அடைத்ததில்லை. நான் என்றால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஒரு பின்னேரம் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, பிள்ளை எங்க?"

"அறைக்குள்ள படுத்திருக்கா. பள்ளிக்கூடத்தால வந்து களைப்பாக்கும்."

"வந்ததுக்குப் போனைத் தொடவே இல்ல எண்டு இங்க காட்டுது. நெத்தியில கை வச்சுப் பார்."

வைத்துப் பார்த்தேன். அனலாகக் கொதித்தது. அதே வீட்டில், பத்து அடி தள்ளி இருந்த எனக்கு அது தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் பிள்ளையைப் பற்றிப் பயந்ததை விட என் தங்கச்சியை நினைத்து வியந்ததுதான் அதிகம். தொடுகிறதை எல்லோரும் பார்ப்பார்கள். தொடாததை அவள் பார்த்திருந்தாள்.

பிள்ளையின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருந்தபோது தங்கச்சிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளைக்குப் பதின்மூன்று ஆனதும், தாயின் கண்காணிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவளே தீர்மானிக்கலாமாம். அதை எனக்கு வாசித்துக் காட்டிய குரலில் வழக்கமான பகிடி இல்லை.

"அவள் நிப்பாட்டினா எனக்குக் கையில வேற என்ன இருக்கு, அக்கா?"

"நான் சொல்றேன். அம்மா பாவம், நிப்பாட்டாத எண்டு சொன்னாக் கேப்பாள்."

"வேண்டாம். ஒண்டும் சொல்லாத. பாவம் பாத்து என்னை வச்சிருக்கிறதெண்டா அது எனக்கு வேண்டாம்."

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது. கறியில் உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்துபோகும் அளவுக்கு அது மனதில் கிடந்தது. தங்கச்சியோ அந்த வாரங்களில் பூட்டைத் தளர்த்தவும் இல்லை, நேரத்தை அள்ளிக் கொடுக்கவும் இல்லை. பிள்ளையை விலைக்கு வாங்கப் பார்க்காமல் எப்போதும் போலவே இருந்தாள். அந்த மனம் எனக்கு வராது.

பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போய் வந்து கேக் வெட்டினோம். தங்கச்சி வீடியோவில் பாடினாள். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

பிள்ளை முதலில் என் போனை எடுத்துப் பார்த்தாள். "ஐயோ, பெரியம்மா! உங்களுக்கும் இண்டைக்குப் பதின்மூண்டாம்! இனி நீங்களே முடிவெடுக்கலாமாம்!"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவள் தன்னுடையதை வாசித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. திரையில் தங்கச்சி கன்னத்தில் கை வைத்தபடி இருந்தாள்.

"அம்மா, நான் எதை அமத்தட்டும்?"

"உனக்கு எது சரியோ அதை."

"நிப்பாட்டினாக் கோவிப்பீங்களா?"

"கவலை வரும். கோவம் வராது."

பிள்ளை கதிரையில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாள். நான் கேக் துண்டுகளைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப அடுக்கினேன். பிறகு அவள் அமத்தினாள்.

"நிப்பாட்டிட்டேன், அம்மா."

"சரி, மகள்."

குரல் மாறவில்லை. கண்ணை மட்டும் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே கிழவி ஏதோ கூப்பிட, அந்தப் பாஷையில் வருகிறேன் என்று பதில் சொன்னாள்.

"பொறுங்க, போயிடாதீங்க. கார்ட் உங்கட, காசெண்டா உங்களைத்தான் கேக்கும். அது அப்படியே இருக்கு. மற்றது, நான் எங்க நிக்கிறேன் எண்டு பாக்கிறது. அதை நான் வேறயாத் திரும்பப் போட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும்."

"அது என்னத்துக்கு? அதுதான் உனக்கு ஆகக் கரைச்சல், தொந்தரவு எண்டு நினைச்சேன்."

"ரியூசன் வகுப்பு முடிஞ்சு இருட்டுக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள நீங்க பாத்துக்கொண்டிருக்கிறது தெரியும். அது எனக்கு வேணும்."

தங்கச்சி எத்தனையோ மாலைகளில் வேலைக்கு நடுவில் அந்த வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளியைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். அது ஒருபக்கக் காவல் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மறுபக்கத்தில் பிள்ளை அந்தப் பார்வைக்குள் நின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஏழு கடல் தாண்டி இருந்து ஒருத்தி தன் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள் என்றால், அவளை நான் எப்படி மெச்சாமல் இருப்பேன்?

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன செய்யப் போறீங்க, பெரியம்மா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. தொடரட்டும் என்பதை அமத்தினேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாரையும் கேட்காமல் பிள்ளை ஒரு புது ஆப்பை இறக்கினாள். அது காசு கேட்டது. கேள்வி தாயிடம் போகும் முன் அதை அழித்துவிட்டு, காசு கேட்காத வேறொன்றை இறக்கினாள்.